அம்மாவுக்குக் கிடைத்த இங்கிலீஷ் சொல்

பஸ்ஸில் நாங்கள் தமிழ் பேசுவதில்லை. கண்டியில் ஏறினால் குண்டசாலையில் இறங்கும்வரை இங்கிலீஷ், இல்லாவிட்டால் வாய்க்குப் பூட்டு. அம்மாவுக்கு இரண்டாவதுதான். எனக்கோ, கந்தோரில் கிளாக்கராயிருந்த அப்பா தினமும் காலையில் ஓர் இங்கிலீஷ் சொல் தருவார். பொழுதுபடுமுன் அதை ஒருமுறையாவது சரியாகப் பாவித்துக் காட்டவேண்டும்.

அன்றைய சொல் 'கிளம்ஸி'. "கையிலை இருக்கிறதைக் கீழை போடுறவை, நடக்கேக்கை கதிரை மேசையோடை மோதுறவை," என்று அப்பா விளக்கினார். எனக்கு எட்டு வயது. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஆளைத் தேடினேன். வீட்டில் ஒருவரும் அகப்படவில்லை. அம்மாவோ விளிம்புவரை நிறைத்த கோப்பையையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவருவார்.

பின்னேரம் டவுனிலிருந்து திரும்பினோம். அம்மாவின் மடியில் தயிர்ச்சட்டி. பக்கத்தில், முதல்நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இருபது வயது. அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அப்படி ஓர் அட்டைக்காகப் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பெடியன்கள் சிலர் வீடு திரும்பாத காலம் அது. அதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பாலத்தடியில் பஸ்ஸை மறித்து ஓர் ஆமிக்காரன் ஏறினான். ஒவ்வொருவராக அட்டை பார்த்துக்கொண்டு வந்தவன், மாமாவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினான். மாமா சட்டைப் பைக்குள் கையை விட்டார். அம்மா எழும்பினார். தயிர்ச்சட்டி அவனுடைய சப்பாத்தின்மேல் விழுந்து உடைந்தது.

கணுக்கால்வரை தயிர். பஸ் முழுதும் சிரிப்பு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? "மை மதர் இஸ் வெரி கிளம்ஸி," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸைப் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழுவ இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா குசினி வாசலில் குந்தியிருந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அம்மாவும் அழுதார். மீசை வைத்த மனிதர் ஒரு சட்டித் தயிருக்கு இப்படி அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. கிட்டப் போய் அவருடைய முதுகைத் தடவி, "அழாதேங்கோ மாமா, நாளைக்கு வேறை சட்டி வாங்கலாம்," என்றேன்.