இரண்டாவது செப்புத் தகடு

சோதனைச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாண் வியாபாரிதான் சொன்னார்: "மீராலெவ்வைக் காக்கா மௌத்தாகிட்டார் சேர். நேத்தே அடக்கியாச்சு." எனக்கு எவரும் அறிவிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

காக்கா, எல்லாருக்கும் அண்ணன், முஸ்லிம் ஊரான ஏறாவூரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். நான் தமிழூரான சித்தாண்டியில் பௌதிகவியல் படிப்பிப்பவன். போர்த் தடையால் எங்கள் பக்கம் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலத்தில் எங்கள் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் அவரே. ஸ்டார்ட் பண்ண மட்டும் சிறு போத்தலில் பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்.

இதற்காக சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையே ஒரு செப்புத் தகட்டுக்குப் பதிலாக இரண்டு வைப்பார். உள்ளே இடம் கூடினால் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் இழுவையும் குறையும். அது என் புத்தகத்திலும் இருந்தது. ஏறாவூர்க்காரரின் சைக்கிள்கள் என்னை முந்திப் போயின. தன் ஆட்களுக்கு ஒரு வேலை, எங்களுக்கு ஒரு வேலை என்று முடிவு கட்டினேன். அவை பெற்றோலில் ஓடினவா என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரைக் கேட்டு ஆளை அளந்த காலம் அது.

"இழுவை காணாது காக்கா" என்றேன் ஒருநாள்.

"மண்ணெண்ணெய நெருக்கினா, பிளக் பத்த வைக்க முந்தியே தானா வெடிக்கும் சேர். சிலிண்டர் வார்ப்பிரும்பு, தாங்கும். பிஸ்டன் அலுமினியம், உருகிப்போயிரும். மெதுவாப் போங்க, போய்ச் சேருவீங்க."

நம்பவில்லை. வீட்டில் நானே மூடியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டேன்.

பத்து நாள் பறந்தேன். பதினோராம் நாள் அதிபர் பதவிக்கான நேர்முகத்துக்கு மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். எஞ்சினுக்குள் கல் உருள்வது போலச் சத்தம் கேட்டது. வந்தாறுமூலையில் நின்றுவிட்டது. பிஸ்டனில் ஓட்டை. பதவி என்னிலும் இளையவர் ஒருவருக்குப் போனது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

சைக்கிளை மாட்டு வண்டிலில் ஏற்றிப்போய், சித்தாண்டியார் நாலு பேர் நிற்கக் கடை வாசலில் கத்தினேன்: "உங்கட ஆக்கள்ற வேலைய இப்பதான் கண்டன்!"

காக்கா மூடியைக் கழற்றினார். ஒரு தகடுதான் இருந்தது. என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மற்றது நடந்து போயிட்டோ சேர்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அவரும் மற்றவர்களிடம் சொல்லவில்லை. சித்தாண்டிச் சைக்கிள்கள் அந்தக் கடைக்குப் போவது அன்றோடு நின்றது.

என்றோ ஒருநாள் என்னை மடக்கத்தான் வாயை மூடி வைத்திருக்கிறார் என்று பல காலம் சந்தேகப்பட்டேன். அந்த நாள் வரவேயில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், முடிந்திருக்கும். கடைசியாகச் சந்தையில் கண்டபோதும், "சைக்கிள் ஓடுதா சேர்?" என்றுதான் கேட்டார். "ஓடுது" என்றேன்.

சித்தாண்டி அன்பர்களே, இதை எழுதுவது உங்களுக்குத்தான்: அந்தத் தகட்டைக் கழற்றியவன் நான். காக்காவின் வேலையில் பிழை இருக்கவில்லை. தகடு என் மேசை லாச்சிக்குள் கரி படிந்து கிடக்கிறது. நாளை அதை அவருடைய மகனிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்குவாரா என்பது சந்தேகம்தான்.

மெதுவாகப் போங்கள், காக்கா. போய்ச் சேருவீர்கள்.