பூவரச மரத்தடியிலிருந்து பிரசங்கம் கேட்டவர்

சின்னச் சபையில் போதகர் வேலை என்பது ஆறு நாள் காப்பி குடித்துவிட்டு ஏழாம் நாள் பேசுவது. இதைப் படிக்கிற சக ஊழியர்கள் தலையை ஆட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. டவுனில் பளிங்குத் தரையும் பாடகர் குழுவுக்குத் தனி மேடையும் வைத்து ஊழியம் செய்கிற பாக்கியவான்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். நான் பேசுவது ஒழுகுகிற ஓட்டுக் கூரையையும், ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிய மொபெட்டையும் நம்பிப் பிழைத்த நம்மவர்களோடு. தொண்ணூறுகளில் முக்கூடல் பக்கம் ஆற்றோரத்து ஊர் ஒன்றில் சில வருஷம் இருந்தேன். எங்கள் சீமையில் பாதிரியாரை ஐயர் என்பார்கள், அவர் வீட்டம்மாவை ஐயரம்மா என்பார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. பிடுங்கலுக்கும் குறைவில்லை.

சீனிதான வேண்டாம்?

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. போன முதல் வாரமே வீடு சந்திக்கக் கிளம்பும்போது ஐயரம்மா வாசலில் நின்று, "எந்த வீட்டுலயும் இனிப்பு தொடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். முதல் வீட்டில் சொன்னேன், சீனி வேண்டாம் என்று. கேட்டார்கள், சீனி போடவில்லை. அடுத்த வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் ஐயா, சீனி ஆகாதாம்லா" என்று ஒரு லோட்டா நிறையக் காப்பியை நீட்டினார்கள். ஒரு வாய் உறிஞ்சினேன். கருப்பட்டி. அதுவும் கையை ஒட்டுகிற மாதிரி.

கருப்பட்டியும் இனிப்புதான் அம்மா, டாக்டர் திட்டுவார் என்று விளக்கினேன். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் முதலில் போன எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்க டம்ளர் காலியாத்தான் வந்துச்சு, நான் பாத்தேன். நம்ம வீட்டுக் காப்பின்னாதான் எல்லாருக்கும் வியாதி வருது."

குடித்தேன். வேறென்ன செய்ய?

பீடிச் சுளகும் ஜெபமும்

அந்த ஊர்ப் பெண்கள் பீடி சுற்றுவார்கள். மடியில் சுளகு என்கிற முறம், அதில் இலையும் தூளும் நூலும். அன்றைய கட்டை அன்று முடித்து ஏஜெண்டிடம் கொடுத்தாக வேண்டும், ஐயர் வந்தாலும் சரி, ஆண்டவரே வந்தாலும் சரி. வீட்டு ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் சுவரோரமாய்ச் சுளகோடுதான் உட்காருவார்கள். பிரசங்கத்தின்போது சுற்றுவதை நானும் கண்டுகொள்வதில்லை.

ஒருநாள் ஜெபத்தின் நடுவே சரசரவென்று சத்தம். நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அத்தனை பேரும் கண்ணை இறுக மூடி, தலையைக் குனிந்து, "ஆமென் ஆமென்" என்று சொல்லிக்கொண்டே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பீடிகூடப் பிசகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, "இது என்ன பழக்கம்?" என்று கேட்டேன். முன்னால் இருந்த பெண் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்: "கண்ணைத்தான மூடச் சொன்னிய? கையை மூடச் சொல்லலியே ஐயா."

மரத்தடியில் ஒரு நீதிபதி

கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு வெளியே, பெண்கள் பக்கத்துச் சன்னலை ஒட்டி ஒரு பூவரச மரம். ஞாயிறு தவறாமல் அதன் அடியில் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையோடு, கையில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருப்பார். பாட்டுக்கு எழுந்து நிற்பார், ஜெபத்துக்கு முழங்கால் போடுவார். உள்ளே மட்டும் வர மாட்டார். பாக்கியநாதன் அண்ணாச்சி.

கோயில்குட்டியாரிடம் விசாரித்தேன். கோயில்குட்டியார் என்றால் மணியடித்துப் பாய் விரிக்கிறவர், ஊரில் நடந்தது நடக்காதது எல்லாம் தெரிந்தவர். அவர் சொன்ன கதை இது. வருஷா வருஷம் அசனம் நடக்கும், சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறவர் பாக்கியநாதன் அண்ணாச்சி. கூலி கிடையாது, மரியாதை உண்டு. எனக்கு முன்னால் இருந்த ஐயர் ஒரு வருஷம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாளையங்கோட்டையிலிருந்து சமையல் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். அண்ணாச்சி கரண்டியோடு வந்து பார்த்தார், அடுப்பில் வேறொருவன் நிற்கிறான். கரண்டியைக் கீழே போட்டு, "இனி இந்தக் கோயில் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டார். அந்த ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். சமையல் ஆளும் போய்விட்டான். சொன்ன சொல் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் ஒன்று. என் பிரசங்கத்தை அந்த மனிதர் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை. ஆராதனை முடிந்து நான் வெளியே வந்ததும் தீர்ப்பு தயாராக இருக்கும். ஒருநாள் எனக்கே திருப்தியாகப் பேசிவிட்ட மிதப்பில் வந்தேன். அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: "மொத ரெண்டு தலைப்பும் நல்லாருந்து ஐயா. மூணாவதுல வண்டிய வயக்காட்டுக்குள்ள இறக்கிட்டிய, ஏறுததுக்குள்ள பன்னெண்டு மணியாயிட்டு."

ஓலை வாசித்தது

அண்ணாச்சிக்கு ஒரே மகள், ஜெபக்கனி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்குக் களக்காட்டில் மாப்பிள்ளை முடிவானது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று சபையில் அறிவிப்பதுதான் ஓலை. "பாக்கியநாதன் அவர்கள் குமாரத்தி ஜெபக்கனிக்கும்" என்று நான் வாசித்ததும் சபை மொத்தமும் சன்னலைத் திரும்பிப் பார்த்தது. வெளியே ஒரு கனைப்புச் சத்தம். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல ஐயா. மேல வாசிங்க."

சிரித்து முடித்து வீட்டுக்கு வந்தால் ஜெபக்கனி எனக்கு முன்னால் வந்து ஐயரம்மாவோடு அடுக்களையில் நிற்கிறாள். கண் சிவந்திருந்தது. "ஐயா, எங்க அப்பா கையப் பிடிச்சிதான் கோயிலுக்குள்ள போவேன். இல்லன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். மாமா கூட்டிப் போகட்டுமே, பந்தலிலேயே ஆராதனை வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றிய சமாதானமெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவள் அம்மா உயிரோடு இருந்தவரை அந்தச் சன்னலோரமாய்த்தான் உட்காருவாளாம். பாட்டு எண்ணை வெளியே இருக்கிறவருக்கு மெல்லச் சொல்வாளாம். அம்மா இறந்தபோது பெட்டி உள்ளே இருந்தது, அப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். ஜெபக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்குக் கேக்கேன்."

தூது

மறுநாளே நானும் கோயில்குட்டியாரும் போனோம். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு வெங்காயம் எத்தனை மூட்டை என்று யோசித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த வசனம் எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அதிகாரம், வசன எண்ணை அவரே எடுத்துக் கொடுத்தார். பழைய ஐயர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "நீங்க எதுக்குக் கேக்கணும்? நீங்களா கரண்டிய வாங்கினிய?" என்றார். மகள் அழுகிறாள் என்றேன். சட்டென்று எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தார்.

அதுவரை சும்மா இருந்த கோயில்குட்டியாருக்கு ஒரு யோசனை. "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான சொன்னீரு? நாங்க நாலு பேரு உம்மத் தூக்கி உள்ள வச்சிருதோம்." நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாள் இருக்குவே. அப்பம் வாரும்."

வாசப்படி

கல்யாணத்தன்று காலை நான் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறேன். மாப்பிள்ளை கோட்டுக்குள் வேர்த்து வழிகிறார். கார் வந்தது. அண்ணாச்சி மகள் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தார். பாடகர்கள் பவனிப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். படிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்தது. யாரும் நகரவில்லை. பாடகர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

நான் வாசலுக்குப் போனேன். அண்ணாச்சி மகள் கையை விட்டுவிட்டு, "மாமாகூடப் போம்மா. நான் சன்னல்கிட்ட நிக்கேன்" என்றார். ஜெபக்கனி அழவில்லை, சத்தம் போடவில்லை. "அம்மாவுக்கும் சன்னல்கிட்டதான் நின்னிய. எனக்கும் அப்படித்தானாப்பா?" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சியின் வாய் கோணிக்கொண்டது. மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒன்று, இன்னொன்று. பிரசங்கத்துக்கென்று தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. மகள் கையைப் பிடித்தார். படியை மிதித்தார்.

உள்ளே பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பெண்ணைக் கொடுப்பது யார் என்று நான் கேட்க வேண்டிய இடம் வந்தது. தகப்பனார் தலையை அசைத்தால் போதும். கேட்டேன். அண்ணாச்சி கூரை ஓடு அதிரச் சொன்னார்: "நாந்தான். வேற எவன் கொடுப்பான்?"

அடுத்த ஞாயிறு

மறுவாரம் மரத்தடி காலி. அண்ணாச்சி ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அன்று வழக்கத்தைவிட நன்றாகப் பேசினேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது தலைப்புகூடத் தடம் மாறவில்லை. ஆனால் அண்ணாச்சி இரண்டாவது தலைப்பிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். ஆசீர்வாதம் சொல்லும்போது பக்கத்தில் இருந்தவர் உலுக்கி எழுப்பினார். முடிந்ததும் பழைய ஆசையில் அவரிடம் போய், "என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பிரசங்கம் எப்படி?" என்று கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "வெளிய வெயிலும் எறும்பும் உறங்க விடாது, கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். உள்ள காத்தாடியும் போட்டு உங்க குரலையும் போட்டா, எவன் ஐயா முழிச்சிருப்பான்?"

ஆக, வெளியே நின்ற ஒரே ஆட்டைத் தொழுவத்துக்குள் சேர்த்த அந்த வாரத்திலேயே, என் பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதரை நான் இழந்துபோனேன்.