பெட்டிக்குள் போன தாலி

மலையேறும்போது நான் தாலியைக் கழற்றிவிடுவேன். இதைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் நெஞ்சில் கை வைப்பார்கள். வைக்கட்டும். பாறையைத் தொற்றி ஏறும்போது சங்கிலி வேரில் மாட்டினால் போவது என் கழுத்து. ஒரு முறை மாட்டியும் இருக்கிறது, அனுபவத்தில்தான் சொல்கிறேன். அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, இது தெரியாது. தெரிந்தால் வீட்டில் ஒரு வாரத்துக்கு அடுப்பு மட்டும்தான் பேசும். அதனால் உச்சியில் படம் எடுப்பதற்கு முன்னால் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வேன். குடும்ப வாட்ஸ்அப்பில் போகிற படத்தை அத்தை விரலால் பெரிதாக்கி முதலில் பார்ப்பது என் கழுத்தைத்தான். மலையெல்லாம் பிறகு.

நாங்கள் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் இருக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இருவருக்கும் ஜியோகேஷிங் பைத்தியம் பிடித்துவிடும். யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, அது இருக்கிற இடத்தைச் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். பெட்டிக்குள் பெயர் எழுத ஒரு தாள் இருக்கும், கூடவே சில்லறைச் சாமான்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றைப் போட வேண்டும். அதுதான் முறை. வழி பார்ப்பது என் வேலை, சாமான் மாற்றுவது அவர் இலாகா. எனக்கு வழி தப்பியதே கிடையாது. ஜம்பம் அடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அன்றைக்குக் கோத்தா திங்கிப் பக்கம் போயிருந்தோம். செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். போகப் போக இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வந்து, ஓடை நடுவில் ஒரு சந்து மாதிரி ஆகிவிடும். வெயில் உள்ளே வராது. பாறையெல்லாம் பாசி. அட்டைகளுக்கு அன்று தீபாவளி. ஏறுகிற வழியில் மூன்று பெட்டிகள், உச்சியில் ஒன்று. நான்கையும் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாவதை நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன். ஒரு வேர் இயற்கையாக அப்படி மடங்காது.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. பொட்டலமாகத் தாப்பாவ் வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, படம் எடுக்கலாம் என்று பையிலிருந்த சின்ன ஜிப் உறையைத் திறந்தேன். உள்ளே சாவி வளையங்கள், கோலிக் குண்டு, ஒரு பிளாஸ்டிக் டைனோசர்.

“என்னங்க இது?”

“கீச்செயின்லா. மாத்துறதுக்கு வாங்கினோமே.”

“அது தெரியுது. என் தாலி எங்க?”

அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அலமாக்” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தாலி வைத்த உறையும் மாற்றுச் சாமான் உறையும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு.

“கால்ல அட்டை ஏறிக்கிட்டு இருந்துச்சும்மா. பாக்காம டபக்குனு உறையோட போட்டுட்டேன்.”

“எந்தப் பெட்டியில?”

“ரெண்டாவதுலயா... மூனாவதுலயா...”

“தாலிய போட்டுட்டு அதுக்குப் பதிலா என்னத்த எடுத்தீங்க?”

அவர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையில் கையை விட்டார். மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்று வெளியே வந்தது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

முதல் பெட்டி இருக்கிற அடிவாரத்தையும் உச்சியையும் விட்டால் வழியில் போனுக்குச் சிக்னல் கோடு வராது. செயலியைத் திறந்து பார்த்தேன். முதல் பெட்டியை யாரோ சற்று முன்னால் கண்டுபிடித்திருந்தார்கள். அடுத்ததைத் தேடி மேலே வருவதாக எழுதியிருந்தார்கள். பெட்டிக்குள் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைத் திருட்டு என்றும் சொல்ல முடியாது. ஒரு சாவி வளையத்தைப் போட்டுவிட்டு என் தாலியை எடுத்துக்கொண்டு போனால், விளையாட்டின் கணக்கில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும்.

தாலி ஒரு நகைதான், கழற்றி மாட்டுவதில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிகளிடம் அலட்டிக்கொள்கிறவள் நான். அந்தப் பேச்சில் இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் அது எனக்கு வேண்டும். இவர் கையால் கட்டியது. அதே மாதிரி வேறொன்று செய்து கொடுத்தால் அது வேறொன்றுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வழி நெடுக அவருக்கு அர்ச்சனை. அவசரக் குடுக்கை என்றேன், கண்ணை எங்கே அடகு வைத்தீர்கள் என்றேன், தலையைக் கழற்றி அந்தப் பெட்டியில் போட்டிருந்தால் தேடிக்கூடப் போயிருக்க மாட்டேன் என்றேன். மூன்றாவது பெட்டியில் தாலி இல்லை. அங்கிருந்து கிளம்பும்போது அவர் காலை லேசாக இழுத்து இழுத்து வைப்பதைக் கவனித்தேன். முட்டி பழைய முட்டி, இறக்கம் ஆகாது.

“நீ போம்மா. நான் மெதுவா வர்றேன்.”

நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. இந்த மாதிரி ஓடைகளில் நடக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டுகூட விழாது, மேலே பெய்கிற மழை திடீரென்று ஒரே மொத்தமாக இறங்கி வரும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். தாலி ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது.

இரண்டாவது பெட்டி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால். அங்கே ஒரு சீன ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், தலையில் அகலத் தொப்பி. பெட்டி மடியில் திறந்து கிடந்தது. என் தாலி அவர் உள்ளங்கையில்.

என்னைக் கண்டதும் மலாயில் பேசினார்.

“பொண்ணு, இது உங்க ஆளுங்க கல்யாணத்துல கட்டுறதுதானே?”

ஆமாம் என்றேன். மூச்சு வாங்கியது.

“ஃபேக்டரியில என் பக்கத்து மெஷின்ல ஒரு தமிழ் அக்கா இருந்தாங்க. புருஷன் செத்தப்பதான் இத கழட்டினாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். இதையும் அப்படித்தான் யாரோ ஒரு பொண்ணு, புருஷன் ஆசையா நடந்த எடம்னு இங்க கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்கா, பாவம். எடுக்கவும் மனசு வரல. அடுத்து வர்றவங்க எடுத்துருவாங்களேன்னு விட்டுட்டுப் போகவும் முடியல. கூட வந்தவங்களக் கீழ அனுப்பிட்டு நான் மட்டும் உக்காந்துட்டேன்.”

“அது என்னோடது ஆன்ட்டி.”

அவர் முகம் மாறிவிட்டது. சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “இந்த வயசுலயா? எப்ப செத்தாரு?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “செத்தெல்லாம் போகல ஆன்ட்டி. இதோ, பின்னாலதான் வர்றாரு” என்று திரும்பிக் கையைக் காட்டினேன்.

காட்டிய இடத்தில் யாரும் இல்லை. பாசிப் பாறையும் தண்ணீரும்தான். கூப்பிட்டேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். மேலே மறுபடியும் இடி. ஆன்ட்டி தாலியை என்னிடம் நீட்டியபடி ஏதோ சொன்னார். நான் வந்த வழியிலேயே ஓடினேன்.

அப்படி ஒரு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை. எப்போது செத்தார் என்று ஆன்ட்டி கேட்ட குரல் காதிலேயே நின்றது. சாமி, திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஆளை மட்டும் கண்ணில் காட்டு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஏறினேன். வழுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது, அதுகூட வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இரண்டு திருப்பம் தாண்டி, ஒரு பாறைமேல் அவர் ஒரு கால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆற அமர அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். போய்த் தோளில் ஒரு அடி வைத்தேன். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதேன்.

அவர் பதறிப்போனார். “கெடைக்கலையா? விடும்மா, அழாத. என் தப்பு. வேற செஞ்சிக்கலாம்.”

“கெடச்சிருச்சு.”

“கெடச்சிருச்சா? அப்புறம் ஏன் அழுவுற? எங்க, காட்டு.”

கையை விரித்தேன். வெறும் சேறு.

“அங்கயே விட்டுட்டு ஓடியாந்துட்டேன்” என்றேன். “ஒரு ஆன்ட்டி கையில இருக்கு.”

அவர் என்னையே பார்த்தார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று யோசித்திருப்பார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, முட்டியை ஒரு கையால் அழுத்தியபடி எழுந்தார்.

“சரி, நீ இங்க உக்காரு. நான் போய் வாங்கிட்டு வர்றேன்.”

“ஒன்னும் வேணாம்” என்றேன். “நீங்க முன்னால நடங்க. நான் பாத்துக்கிட்டே வர்றேன்.”