ஏழாம் நம்பர் கல்

“பேனா பிடிக்கிற கை சங்கிலி பிடிக்குமாம்மா?”

ரோடு ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்த அன்று ஓவர்சியர் கேட்டது. ரோட்டை அளக்கிற இரும்புச் சங்கிலியைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவளே நான்தான். ஒவ்வொன்றாகத்தானே வரும்?

போன மாதம் கெலமங்கலம் ரோட்டில் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். நாலு மைல் கல் ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே இருந்தது; இப்போது ஊர் முனையிலேயே ‘ஓசூர் 7’. “ஓசூரு தள்ளிப் போயிட்டுது” என்று டீக்கடையில் வருத்தப்பட்டார்கள்.

சந்தோஷப்பட்டவர் ஒருவர்தான் – நைனா, என் அப்பா.

தங்கை மல்லிகாவுக்கு ஓசூர் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால்தான் ஒன்பதாம் வகுப்பு. இல்லையென்றால் களையெடுப்பு. நான் நடந்து படித்தபோது துணைக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள், அவளுக்கு யாருமில்லை. வீடு ஐந்து மைலுக்கு மேல் இருந்தால்தான் ஹாஸ்டல் என்று விதி. போன வருஷம் நைனா “நாலு மைலுங்க” என்று சொல்லித் திரும்பி வந்தார். இந்த வருஷம் கல்லைப் பார்த்துவிட்டுப் போய் “ஏழு” என்றார். ஹாஸ்டலில் ‘ஏழு மைல்’ என்று எழுதிக்கொண்டார்கள். இடம் கிடைத்தது.

வீட்டில் பாயசம். நான் ஹாஸ்டல் கொடுத்த தாளைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நைனா, இது ஏழு கிலோமீட்டர். நாலரை மைலுகூட வராது. யாராச்சும் விசாரிச்சா நடு வருஷத்துல அனுப்பிடுவாங்க.”

“கவர்மெண்டே நம்மூரத் தள்ளி வெச்சிருக்குது. நீ ஏன் கிட்ட இழுக்கற?”

“நீ பாஸ் பண்ணிட்டக்கா. உனக்கென்ன” என்றாள் மல்லிகா.

பிறகுதான் உறைத்தது. கல் நிற்பது ரோட்டில். நாங்கள் இருப்பது ரோட்டிலா? ஏரிக்கரையும் ராகிக் காடும் தாண்டித்தானே வீடு? அதை இதுவரை யார் அளந்தார்கள்?

சனிக்கிழமை ஓவர்சியரிடம் சங்கிலியைக் கேட்டு வாங்கினேன். முப்பது மீட்டர் நீளம். மறுநாள் காலை, பின்முனையில் நைனா, முன்முனையில் நான். மல்லிகா எண்ணினாள்.

“என்னப்பா, நெலத்த விக்கறியா?” என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

“இல்ல. வூட்டத் தள்ளி வெக்கறோம்.”

சங்கிலி தொய்ந்தால் தூரம் கூடும். நைனா தொய்ய விட்டார். நான் இழுத்துப் பிடித்தேன்.

நாற்பத்தொரு சங்கிலி, மேலே இருபது மீட்டர். கல்லின் ஏழோடு சேர்த்து எட்டேகால் கிலோமீட்டர் – ஐந்து மைலுக்கு மேலே ஒரு பர்லாங்.

தாளைத் திருத்தக் கொடுத்தோம். “யாரு அளந்தது?” என்றார் வார்டன்.

“ரோடு ஆபீசுங்க” என்று நைனா என்னைக் காட்டினார்.

வார்டன் ஏழை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினார். இடம் அப்படியே நின்றது.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தபோது ஓவர்சியர் கேட்டார்: “முன்முனை யாரு பிடிச்சது?”

“நான்தான் சார்.”

“ம்” என்று வாங்கி ஆணியில் மாட்டினார்.

அன்று மாலையே சர்வே பயிற்சிக்கு மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம். ‘ஒன்றேகால் கிலோமீட்டர்’ என்று எழுதியிருக்கிறேன்.