அப்பாவுக்குரிய பத்து மணிகள்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் பிளாட்டுக்குக் கீழே மார்கரெட் என்ற வெள்ளைக்கார மூதாட்டி தனியே இருக்கிறார். ஒக்டோபரில் ஒரு பின்னேரம் குப்பைத் தொட்டியருகே என்னை மறித்து, “நீங்கள் செபிப்பது எனக்குக் கேட்கிறது” என்றார். இந்த ஊரில் ஒருவர் அப்படித் தொடங்கினால் அடுத்தது கவுன்சிலுக்கு முறைப்பாடுதான். “சொறி, சொறி” என்று அவசரமாக மன்னிப்புக் கேட்டேன். “இல்லையில்லை, முதலில் செபிக்கும் அந்த ஆணின் குரல் எவ்வளவு ஆறுதல்!” என்றார். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவும் நானும் மட்டும். தொலைக்காட்சியாக இருக்கும் என்று சமாளித்துவிட்டுப் படியேறினேன்.

வன்னியில் போரின் கடைசி மாதங்களில் செபமாலையைப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் இருந்துதான் சொன்னோம். விளக்கு வைக்க முடியாது. முதல் பத்து மணிகள் அப்பாவுக்கு, அடுத்த பத்து அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு. மிச்சத்தைச் சேர்ந்து சொல்வோம். இருட்டில் முகம் தெரியாது. அவரவர் முறையில் குரல் எழும்பினால் ஆள் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பிந்தினாலும் அம்மா, “இருக்கிறியோ?” என்பார். ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போன அப்பா திரும்பவில்லை. அன்று அவருடைய மணிகளை நான் சொல்ல வாயெடுத்தபோது அம்மா என் வாயைப் பொத்தினார். “அது அப்பாவின்ரை முறை. அவர் வந்து சொல்லுவார்.” ஷெல் விழ விழ, பத்து மணிகளையும் பேசாமல் உருட்டினார். லண்டனிலும் அதே வழக்கம்தான். இத்தனை வருடமாக எங்கள் செபமாலை அந்த மௌனத்தோடுதான் தொடங்குகிறது.

நவம்பர் வந்தால் கோயிலில் ஓர் உறை தருவார்கள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் மாதம் முழுவதும் பூசையில் நினைப்பார்கள். அம்மா தன் பெற்றோரை எழுதுவார், அப்பாவை எழுதமாட்டார். எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், கோபம். ஒரு மனிதரை வாழவும் விடாமல் சாகவும் விடாமல் எத்தனை காலம் வைத்திருப்பது? இம்முறை அம்மாவுக்குத் தெரியாமல் கடைசி வரியில் அப்பாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மார்கரெட் படிக்கட்டில் நின்றார். “அந்த மனிதருக்குச் சுகமில்லையா? இரண்டு நாளாகக் குரலைக் காணோம்.”

அன்று செபத்துக்கு இருந்த அம்மா முதல் மணியைப் பிடித்தபடியே இருந்தார்.

“என்னம்மா?”

“அப்பா ரெண்டு நாளாச் சொல்லேல்லை, பிள்ளை. நீ எங்கையாவது அவரின்ரை பேரை எழுதிக் குடுத்தனியோ?”

“ஓம் அம்மா.”

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

விடிந்ததும் கோயிலுக்குப் போய் உறையைத் திருப்பிக் கேட்டேன். பங்குத்தந்தை ஐரிஷ்காரர். பெயரில் எழுத்துப்பிழையா என்று விசாரித்தார். “இல்லை ஃபாதர், அவர் இன்னும் வரவில்லை” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பூசைக்கு வரவில்லை என்று நினைத்துவிட்டார் போலும். “அதனாலென்ன, பிந்தி வந்தாலும் இடம் இருக்கும்” என்று சிரித்தார். அங்கேயே நின்று அப்பாவின் பெயரை வெட்டினேன்.

அன்று பின்னேரம் அம்மா மணியை உருட்டத் தொடங்கினார். கீழே மார்கரெட்டின் தொலைக்காட்சி நின்றது. அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவுதான் காதைத் தீட்டியும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பத்தும் முடிந்தது. அம்மா தன் பத்தையும் சொல்லி முடித்தார். அடுத்தது என் முறை. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“பிள்ளை, இருக்கிறியோ?”