நெட்டையன் போட்ட முடிச்சு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். அன்று கயிற்றைப் பிடித்திருந்தவன் நான்தான்.

என் மாமனாரை ஊரே ‘சிகரம்’ என்றுதான் கூப்பிடும். எங்கள் பனிமலையின் செங்குத்தான வடக்குப் பக்கத்தில் முதலில் ஏறியவர். பேருந்து நிலையத்தில் அவருக்குச் சிலைகூட உண்டு. கூட ஏறிய நெட்டையன் அன்றே விழுந்து செத்தான். உடல் கிடைக்கவில்லை. மேடைக்கு மேடை மாமா ஒரே கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

“பாவம், அவனுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல. அவுந்துடுச்சு!”

ஒருமுறை நெட்டையனின் தங்கை பாதியில் எழுந்து போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் ஆயிற்றே, என்ன சொல்ல?

நாற்பதாவது ஆண்டு வந்தது. “மாப்ள, இன்னொரு தடவ ஏறிடலாம்” என்றார். மலை ஏற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. நான் முன்னால் ஏறி, மேலே ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்து, அவர் ஏற ஏறக் கயிற்றை மேலே இழுத்துச் சுருக்கினேன். கயிற்றின் கீழ் நுனியில் மாமா. அவருக்குக் கீழே யாருமில்லை.

மூன்று மணி பத்து நிமிடம். பனிமூட்டம் இறங்கியது. முகம் தெரியாதபோது எங்களுக்குக் கயிறுதான் பேச்சு. இரண்டு முறை சுண்டினால், ‘தூக்கு’ என்று அர்த்தம்.

சடக்... சடக்...

இழுத்தேன். கனம் சரியில்லை. மாமா ஒல்லி. இது இரண்டு ஆள் கனம்.

சடக்... சடக்...

“மாமா! என்னாச்சு?”

“இழுக்காத!” அலறினார். “அவனும் சேந்து வரான்!”

“யாரு?”

வேறு யாரிடமோ கெஞ்சினார்.

“விடுடா... அறுக்காம இருந்தா நானும்ல செத்திருப்பேன்...”

என் உள்ளங்கை உரிந்தது. விடவில்லை. என் மனைவியின் அப்பா அவர்.

சட்டென்று...

கனம் இல்லை.

கயிறு முழுசாக மேலே வந்தது. எங்கும் அறுபடவில்லை. நுனியில் நான் போட்ட முடிச்சு மட்டும் இல்லை. ஆள் தொங்கும்போது அந்த முடிச்சை எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாது.

ஆறு நாள் கழித்து, மலையடியில் உறைபனி பிளந்து கிடந்த ஆழமான வெடிப்புக்குள் தேடல் குழுவோடு நானும் இறங்கினேன். இரண்டு உடல்கள். ஒருவர் மாமா. இன்னொருவர் நெட்டையன் என்று பிறகு அவன் தங்கை அடையாளம் சொன்னாள். அவன் இடுப்பில் பழைய சணல் கயிறு. நாற்பது ஆண்டாகியும் முடிச்சு இம்மியும் நெகிழவில்லை. கயிற்றின் மறுநுனி, கத்தியால் ஒரே வெட்டில் அறுத்த நுனி.

அந்த நுனி மாமாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அதே முடிச்சு. மூன்று பேர் முயன்றும் அவிழவில்லை.

இருவரையும் சேர்த்தேதான் மேலே தூக்கினோம்.