செயின் இல்லாத சைக்கிளும் பங்கோர் தீவும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைவிட வேகமாகச் சைக்கிள் விடுகிற பிள்ளை கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தொழிலாளர் குடியிருப்பின் மேட்டு லைனில் எங்கள் வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தால், தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் ஒரே மூச்சாகப் பள்ளிக்கூட வாசலில் போய்த்தான் நிற்பேன். சைக்கிளில் செயின் கிடையாது. எப்போதோ அறுந்துபோனதை யாரும் மாட்டவில்லை. அதற்கு அங்கே வேலையே இல்லை. போவது இறக்கம், பிரேக் இருந்தால் போதும். வருவது ஏற்றம், அப்பா ஓட்டும் கொழுந்து லாரி வரும் நேரம் பார்த்து, சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நானும் ஏறிவிடுவேன். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் சைக்கிள் 'ஓட்டினோம்'.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் சித்தப்பா பங்கோர் தீவு யோசனையோடு வந்தார். அவர் கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை லாரி சும்மா நிற்கும், முதலாளி கொடுப்பார். விடிவதற்குள் கிளம்பி லூமுட் துறைமுகம் போய், சைக்கிள்களோடு ஃபெரி ஏறி, தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடலாம் என்றார். கைப்பேசியில் தீவை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். தீவு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டதால் எங்கள் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

தோட்டத்தில் பெரியவர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறி வெகுநாளாகியிருந்தது. அலசிப் பார்த்ததில் உருப்படியான சைக்கிள் மூன்றுதான் தேறியது. சித்தப்பாவுடையது ஒன்று, அப்பா பக்கத்து வீட்டில் இரவல் கேட்டது ஒன்று, என்னுடையது ஒன்று. என்னுடையதும் பெரியவர்கள் சைக்கிள்தான், சீட்டை முழுக்க இறக்கி நுனிக்காலில் எட்டிக்கொண்டிருந்தேன். மூன்று சைக்கிள், மூன்று பேர். அம்மா வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் இதே பேச்சுதான். அப்பா மூன்று சைக்கிளுக்கும் புது பிரேக் ரப்பர் மாட்டினார். திருப்தியில்லாமல் கழற்றி மறுபடியும் மாட்டினார். கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்று ஆளுக்கொரு சுவெட்டர் எடுத்து வைத்தார். அம்மா கொழுந்து வேலை முடிந்து வந்து, வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"கீழ வேகும். சுவெட்டர் எதுக்கு?" என்றார் ஒரு நாள். கீழே சமவெளியில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மலை ஏறியவர் அம்மா. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள், "ஃபெரியில சைக்கிள ஏத்த விடுவாங்களா தம்பி?" என்று சித்தப்பாவைக் கேட்டார். அதற்கடுத்த நாள், "ரோடு கடல் ஓரமாவே போகுதா?" என்றார். என்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமைதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"செயின் இல்லாம எப்படி லா தீவைச் சுத்துவா?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா என் சைக்கிளைப் பார்த்தார். இரண்டு தடவை பிரேக் மாற்றிய வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மறுநாளே பிரிஞ்சாங் டவுனிலிருந்து செயின் வந்தது. ஆனால் அப்பாவுக்குச் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. "சமதரையில ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டும். ஓட்டத் தெரிஞ்சாதான் கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோருமாகச் சாமான் வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் போனபோது, என் சைக்கிளையும் கொண்டுபோய் அங்கிருந்த திடலில் இறக்கினோம். ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் நகரவில்லை. வழக்கமாக அது தானாகவே கிளம்பிவிடும். மிதிக்கச் சொல்லிச் சித்தப்பா கத்தினார். மிதித்தேன், பின்பக்கமாக. சைக்கிள் என்னையும் சேர்த்துப் புல்லில் சாய்த்தது. நாலைந்து தடவை விழுந்த பிறகு அப்பா வாட்சைப் பார்த்தார்.

"சரி, நீ நாளைக்கு அம்மாவோட வீட்ல இரு."

எனக்கு உலகமே போய்விட்டது. ஃபெரியைப் பற்றி லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். புல்லிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா காய்கறிப் பையை என் பக்கத்தில் வைத்தார். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சித்தப்பாவிடம் சீட்டை உயர்த்தித் தரச் சொன்னார். பிறகு பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கி ஏறி உட்கார்ந்து, போயே விட்டார்.

திடலை ஒரு சுற்றுச் சுற்றினார். போதும் என்று அப்பா கையைக் காட்டினார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. அழுகையை நிறுத்திவிட்டு, 'அது என் சைக்கிள்' என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது சுற்றில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் சைக்கிள்லதான் போனேன்" என்றார். "இவள பின்னால வச்சி நான் ஓட்டுறேன்."

அப்பா மறுபடியும் வாட்சைப் பார்த்தார். சித்தப்பா மட்டும், "அண்ணி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா லா?" என்றார். "யாரு கேட்டீங்க?" என்றார் அம்மா.

அப்படித்தான் நான் பங்கோர் தீவைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, கேரியரில் உட்கார்ந்து, மடியில் நான்கு சுவெட்டர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகைப் பார்த்தேன் என்பதுதான் சரி. வெயிலில் வெந்துதான் போனோம். ஏற்றங்களில் இறங்கித் தள்ளினோம். நல்ல சாப்பாடு, நல்ல கடல், எனக்குக் குறையொன்றுமில்லை.

கடைசியாக ஒரு பெரிய இறக்கம் வந்தது. இறக்கம் என்றால் எனக்குத் தெரியாதா? எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது, போனது. அம்மா பிடிக்கவில்லை. "அம்மா, பிரேக்கு! பிரேக்கப் பிடிம்மா!" என்று கத்தினேன். சைக்கிள் அப்பாவைத் தாண்டி, சித்தப்பாவைத் தாண்டிப் பறந்தது. கீழே சமதரை வந்து அது தானாக வேகம் குறைந்தபோது அம்மா சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

இத்தனை வருடம் சைக்கிளைத் தொடாததால் பிரேக் எங்கே இருக்கிறது என்பதே அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பும் வழியில் லாரியில், அப்பாவுக்குக் கேட்காமல், வலது கையில் ஒன்று இடது கையில் ஒன்று என்று அம்மா காதில் சொல்லிக்கொடுத்தேன்.

"சரிம்மா" என்றார் அம்மா. "அடுத்த தடவ ஞாபகம் வச்சிக்கிறேன்."